கடையை மூடுவதா, கல்லாவை மூடுவதா?

குடித்துவிட்டு வேலைக்கு வந்தார் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரிப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. ஓசூரில் தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் நான். சில கம்பெனிகள் தங்கள் உள் விசாரணைக்கு என்னை விசாரணை அதிகாரியாக அமர்த்திக்கொள்ளும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டாத பையன், தருமபுரிப் பக்கமோ திருவண்ணாமலைப் பக்கமோ இருந்து வந்தவன். கேட்டில் ஊதச் சொன்ன கருவி காட்டிய எண், செக்யூரிட்டியின் வாக்குமூலம், நிலையாணையின் பிரிவு எல்லாம் கோப்பில் இருக்கும். அறிக்கை எழுத அதிக நேரம் பிடிக்காது. ஆனால் கேள்வி முடிந்து கையெழுத்துப் போடும் நேரத்தில் பல பேர் ஒரே மாதிரி கேட்பார்கள்: "கவர்மெண்ட் கடையிலதானே மேடம் வாங்கிக் குடிச்சேன்?"

சட்டப்படி பதில் சுலபம். வாங்கிக் குடித்தது குற்றமில்லை, அந்த நிலையில் பிரஸ் மெஷின் முன்னால் நிற்பதுதான் குற்றம். போவது உன் விரலாகவும் இருக்கலாம், பக்கத்தில் நிற்பவன் விரலாகவும் இருக்கலாம். பையன் தலையாட்டிவிடுவான். வெளியே காத்திருக்கும் அவன் மனைவியோ அம்மாவோ அவ்வளவு சுலபத்தில் விடமாட்டார்கள். "அந்தக் கடையையே எடுத்துட்டா இவன் ஏன்க்கா குடிக்கப் போறான்?" என்பார்கள். இருவர் பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். மனிதன் தேறுவதும் கெடுவதும் அரசு திறக்கிற, மூடுகிற கதவைப் பொறுத்தது என்ற நம்பிக்கை. அது சரிதானா? சட்டம் போட்டு ஒருவனை நல்லவனாக்க முடியுமா?

முடியும் என்று நம்பி, ஒரு மாவட்டம் முழுவதிலும் சட்டம் போட்டுப் பார்த்தவர் எங்கள் ஊர்க்காரர், என் தொழில்காரரும்கூட. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி, அதாவது ராஜாஜி. அப்பா அந்த ஊர் முன்சீப். பிறந்த வீடு இன்று அரசு பராமரிக்கும் நினைவு இல்லம். பள்ளிப்படிப்பு ஓசூரில், கல்லூரி பெங்களூர் சென்ட்ரல் காலேஜில், சட்டம் சென்னையில். 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். தேசத்துரோக வழக்கில் வரதராஜுலு நாயுடுவுக்காக வாதாடியதும், 1917 முதல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்ததும் அந்தக் காலத்தில்தான். பிறகு காந்தி வந்தார். நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலை ராஜாஜி விட்டார். சிறைக்குப் போனார், 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் அவருக்குக் கைகொடுத்தவர் கல்கி.

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அன்றைய சேலம் மாவட்டம் என்றால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்தது. தாம் பிறந்த மண்ணையும் தொழில் பார்த்த மண்ணையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். அந்த மாவட்டத்தின் மேற்கு எல்லைக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம். ராஜாஜியின் சட்டம் அங்கே செல்லாது. ஓசூர்க்காரர்களுக்கு அப்போதே எல்லை எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கும்.

இதே வேலையில் இறங்கிய இன்னொரு வக்கீலையும் இங்கே அழைத்து வரவேண்டும். ஆண்ட்ரூ வோல்ஸ்டெட், அமெரிக்காவில் மினசோட்டாக்காரர், நார்வேயிலிருந்து குடியேறியவர்களின் மகன். கிரானைட் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் வக்கீல், அந்த ஊருக்கு மேயர், பிறகு 1903 முதல் 1923 வரை இருபது ஆண்டுகள் அமெரிக்க காங்கிரஸில் பிரதிநிதி. பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழுவுக்குத் தலைவராக இருந்ததால் மதுவிலக்குச் சட்டத்தை நடத்திக்கொடுக்கும் பொறுப்பு அவர் தலையில் வந்து விழுந்தது. அதிபர் வில்சன் ஒப்புதல் தர மறுத்த பிறகும் காங்கிரஸ் 1919 அக்டோபரில் அதை நிறைவேற்றியது. அது வோல்ஸ்டெட் சட்டம் என்றே பேர் வாங்கியது. 1922 தேர்தலில் அவர் தோற்றார். 1933-ல் மதுவிலக்கும் போனது. விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து விளைபொருளை விற்கலாம், அதற்காக அவர்கள்மேல் ஏகபோக வழக்குப் போடக்கூடாது என்று 1922-ல் அவர் கொண்டுவந்த இன்னொரு சட்டம் இன்றும் இருக்கிறது. பால் சங்கங்களை நம்பிப் பிழைக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதற்காகவாவது அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் உலகம் அவரை நினைப்பது செத்துப்போன சட்டத்தை வைத்துத்தான்.

இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். அமெரிக்கச் சட்டத்துக்கு அடிப்படையான அரசியல் சாசனத் திருத்தம் தடுத்தது மது தயாரிப்பை, விற்பனையை, கொண்டுபோவதை. குடிப்பதை அது குற்றமாக்கவில்லை. ராஜாஜியின் 1937-ஆம் ஆண்டுச் சட்டமோ குடிப்பவனையும் பிடித்தது. நான்காவது பிரிவில் மதுவை வாங்குவதும் அருந்துவதும்கூடக் குற்றம். ராஜாஜி இந்த விஷயத்தில் அமெரிக்கர்களைவிட ஒரு படி மேலே போனவர். குடிகாரனின் கையைப் பிடித்து நிறுத்துவது அரசின் கடமை என்று மனதார நம்பினார்.

அங்கேதான் எனக்கு முதல் தடை. பகவத் கீதைக்குக் 'கைவிளக்கு' எழுதியவர் அவர். அந்த நூலின் பதினெட்டாம் அத்தியாயத்தில் கண்ணன் ஒரு காரியம் செய்கிறான். இத்தனை அத்தியாயம் போதித்துவிட்டு, விசுவரூபமும் காட்டிவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்து உன் விருப்பப்படி செய் என்று அர்ஜுனனிடமே முடிவை விட்டுவிடுகிறான். கடவுளே கட்டாயப்படுத்தாத இடத்தில் கலெக்டர் கட்டாயப்படுத்தலாமா? பயந்து குடிக்காதவன் குடிக்காதவன்தான், ஆனால் அவனிடம் புலனடக்கம் இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

என் அலுவலகத்தில் ஒரு வயதான குமாஸ்தா இருந்தார், ஓசூரின் உருது பேசும் குடும்பத்தவர். வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு டாஸ்மாக் கடைகள். ஆயுள் முழுவதும் ஒரு சொட்டுத் தொட்டவரில்லை. அவர் மார்க்கமும் மதுவை ஒரே நாளில் விலக்கிவிடவில்லை. அதில் நன்மையைவிடக் கேடு பெரிது என்று முதலில் சொல்லி, போதையில் தொழுகைக்கு வராதே என்று பிறகு சொல்லி, கடைசியில்தான் முழுத் தடை வந்தது. அவர் விட்டிருந்தது கடவுளுக்காக. கடை திறந்திருந்தது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அதே தெருவின் கோடியில் இருக்கும் முனீஸ்வரனுக்கோ வருஷத்துக்கு ஒரு தடவை சாராயமும் சுருட்டும் படைத்தால்தான் திருப்தி. ஒரே தெருவில் ஒரு கடவுள் வேண்டாம் என்கிறார், இன்னொரு கடவுள் கேட்டு வாங்குகிறார். அரசு எந்தச் சாமியின் பேரைச் சொல்லிக் கடையை மூடும்?

தமிழ் மரபு ஒரே குரலில் மதுவை வெறுத்தது என்று மேடையில் பேசுவார்கள். அப்படி இல்லை. எங்கள் பக்கத்து மாவட்டமான தருமபுரிதான் பழைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் முதலில் வருவது அவன் பகிர்ந்துகொண்ட கள். வள்ளுவர் வேறு கட்சி, கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே ஒதுக்கியவர். ஆனால் அந்த அதிகாரம் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். புலால் மறுத்தல் அறத்துப்பாலில், துறவறவியலில் இருக்கிறது. கள்ளுண்ணாமை பொருட்பாலில், சூதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கள்ளை அவர் பாவக் கணக்கில் எழுதவில்லை, கைப்பொருளும் மானமும் தொலையும் கணக்கில் எழுதினார் என்று நான் படித்துக்கொள்கிறேன். செங்கோன்மை பேசும் இடத்திலும் அரசனைப் பார்த்துக் கள்ளுக்கடையை மூடு என்று அவர் சொல்லவில்லை.

ஆக, சட்டத்தால் ஒருவனை நல்லவனாக்கலாம் என்ற வாதம் சமய நூல்களிலும் நிற்கவில்லை, அனுபவத்திலும் நிற்கவில்லை. கர்நாடகம் 2007 ஜூலை 1 முதல் சாராயத்தைத் தடை செய்தது. 2008 மே மாதம் பெங்களூரு, கோலார் பகுதிகளிலும் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களிலும் விஷச் சாராயம் குடித்து 150-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள். மலிவான சரக்கு ஒன்றை மட்டும் தடை செய்துவிட்டு விலை கூடியதைக் கடையில் வைத்தால் ஏழை எங்கே போவான் என்று யாரும் யோசிக்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது அங்கே அரசுக் கடைகள் திறந்துதான் இருந்தன. கடை மூடினாலும் சாவு, திறந்தாலும் சாவு என்று இதைப் படித்துவிட்டுக் கையை விரிப்பவர்கள் உண்டு. நான் விரிக்கமாட்டேன். மனிதனைத் திருத்துவது சட்டத்தின் வேலை இல்லை என்ற முடிவுக்கு மட்டும் வருகிறேன்.

ராஜாஜியின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்ற உறுதி அவரிடம் எப்போதும் இருந்தது. 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். போராட்டத்தில் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் உயிரிழந்தார்கள். மறுபடி 1952-ல் முதலமைச்சரானார், மேலவைக்கு நியமனமாகி, தேர்தலில் நிற்காமல். 1953-ல் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் போட்டார். குலக்கல்வி என்று தமிழ்நாடு கொதித்தது. 1954 ஏப்ரலில் பதவி விலகினார். பின்னால் வந்த காமராஜர் திட்டத்தைத் தூக்கி எறிந்தார். சலவைத் தொழிலாளியின் மகன் மதியத்துக்கு மேல் சலவை பழகவேண்டும் என்பதை அந்த மகனிடம் கேட்டாரா? கேட்கவில்லை. நோக்கம் நல்லதா கெட்டதா என்று நாற்பது வருஷம் விவாதிக்கலாம். சம்மதம் கேட்கவில்லை என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. எங்கள் தலைமுறைப் பெண்கள் வழக்கறிஞர் ஆனது அந்தத் திட்டம் செத்ததால்தான் என்று நான் நினைக்கிறேன், அதைச் சொல்லத் தயங்கவும் மாட்டேன்.

அப்படியானால் 1937-ஐயும் அந்தக் குப்பையோடு சேர்த்துத் தள்ளிவிடலாமா? என்னால் முடியவில்லை. காரணம், மதுவிலக்கோடு சேர்ந்து வந்த இன்னொரு சட்டம். அதைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. கள், சாராயத்திலிருந்து வந்த தீர்வை அன்றைய மாகாண வருமானத்தில் பெரும் பங்கு. அதை விட்டால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எதில் நடக்கும் என்ற கேள்வி வந்தது. ராஜாஜி 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். அவர் பின்வாங்கவில்லை. இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு வழிகாட்டியாக அமைந்தது அந்தச் சட்டம்தான். அமெரிக்காவிலும் கணக்கு இப்படியே போனது. 1913-ல் வருமான வரி வரும்வரை மதுத் தீர்வையை இழக்கும் நிலையில் வாஷிங்டன் இல்லை. வருமான வரி வந்த பிறகுதான் மதுவிலக்குக்கு வழி பிறந்தது. 1930-களின் பெருமந்தத்தில் வரி வறண்டபோது, மறுபடி மதுக் காசு வேண்டும் என்ற குரல்தான் மதுவிலக்கைப் புதைத்ததில் பெரும்பங்கு வகித்தது.

இங்கேதான் எனக்கு ஒரு வெளிச்சம். குடிப்பவன் நல்லவனாகிறானா என்பது ஒரு கேள்வி. அவன் குடிப்பதால் பிழைக்கிற அரசு நல்ல அரசாக இருக்க முடியுமா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. இரண்டாவதற்கு உண்டு. ஏனென்றால் சட்டம் கட்டிப்போடக்கூடிய கை ஒன்று உறுதியாக இருக்கிறது, அது அரசின் சொந்தக் கை. தன் குடிமகன் தள்ளாடும்போது அதில் லாபம் பார்க்கிற நிலையில் தன்னை வைத்துக்கொள்ளாமல் இருப்பது அரசுக்குரிய தர்மம். தொழில் பழக்கத்தில் சொல்கிறேன்: வழக்கில் தனக்கே பங்கு இருப்பவர் நீதிபதியாக உட்காரக்கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம்.

இப்படிப் பார்த்தால் ராஜாஜியிடம் முரண்பாடு என்று சிலர் சொல்வதும் கொஞ்சம் கரைகிறது. 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கி, லைசென்ஸ்-பர்மிட் ராஜ்யம் என்று நேரு அரசைச் சாடியவர் அவர். தொழில் தொடங்க அரசைக் கேட்காதே என்றவர், குடிக்க மட்டும் அரசு அனுமதிக்கக்கூடாது என்றது எப்படி? பர்மிட்டு எழுதும் மேசையானாலும் சரி, சாராயக் கல்லாவானாலும் சரி, அரசு உட்காரக்கூடாத இடத்தில் உட்கார்ந்து காசு பார்க்கிறது என்பதே அவருடைய கோபத்தின் வேர் என்று எனக்குப் படுகிறது. இது என் வாசிப்பு. அவரைக் கேட்டால், குடிகாரனைக் காப்பாற்றத்தான் என்றே சொல்லியிருப்பார்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1948 காந்தி ஜெயந்தி அன்று மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு வந்தது. 1971 ஆகஸ்ட் 30-ல் கருணாநிதி அரசு அதைத் தள்ளிவைத்தது. அண்டை மாநிலங்களில் மதுவிலக்கு இல்லை, நிதி போதவில்லை என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். 92 வயது ராஜாஜி கொட்டும் மழையில் முதல்வர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் என்பார்கள். 1967-ல் கூட்டணி வைத்து தி.மு.க.வை ஆட்சிக்குக் கொண்டுவர உதவியவர் அவர். பலன் இல்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 25-ல் இறந்தார். மதுவிலக்கு 1974-ல் திரும்பி வந்தது, 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி போனது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. கட்சி மாறியது, கல்லா மாறவில்லை.

எல்லையில் வாழ்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் பச்சையாகத் தெரியும். 2020 ஊரடங்கில் மே 4 அன்று கர்நாடகம் மதுக்கடைகளைத் திறந்தது. எல்லைக்கு அப்பால் இருக்கும் அத்திப்பள்ளிக்குப் போக எங்கள் ஊரில் என்னென்ன சாக்கு உண்டோ அத்தனையும் அந்த மூன்று நாளில் கேட்டேன். மே 7-ல் தமிழ்நாடும் திறந்தது. எல்லையோர மக்கள் பக்கத்து மாநிலக் கடைகளுக்குப் போகிறார்கள் என்பதையே அரசு காரணமாகச் சொன்னது. நோய் பரவும் என்று கோயிலும் மசூதியும் தேவாலயமும் பூட்டிக் கிடந்த நாட்கள் அவை. இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. தன் பிள்ளை பக்கத்து வீட்டில் குடிக்கிறானே என்ற கவலை அது என்று யாராவது சொன்னால் நம்ப எனக்கு மனமில்லை. பக்கத்து வீட்டுக் கல்லாவில் காசு விழுகிறதே என்ற கவலையாகவே பட்டது.

இன்னொன்று, சட்டப் புத்தகம் திறப்பவர்கள் மட்டும் கவனிக்கும் விஷயம். 1937-ஆம் ஆண்டின் சட்டம் ரத்தாகவில்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ராஜாஜி எழுதிய அதே சட்டத்தில் பிரிவுகளைச் செருகி, அந்தப் பிரிவுகளின் கீழேதான் அரசு மது விற்கிறது. துறைக்குப் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. மதுவை ஈடுகட்ட வந்த விற்பனை வரியும் போகவில்லை, மதிப்புக் கூட்டு வரி, ஜி.எஸ்.டி. என்று பெயர் மாறி நின்றுவிட்டது. இழந்ததற்கு ஈடாக வந்த பணத்தையும் வாங்கிக்கொண்டோம், இழந்ததையும் திரும்ப எடுத்துக்கொண்டோம்.

ஆகவே அந்தப் பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் என் பதில் வேறு வேறு. பையனுக்கு: கடை யாருடையதாக இருந்தாலும் குடித்தது நீ, கை உன்னுடையது, அந்த முடிவை உன்னிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. அறிக்கையில் குற்றம் நிரூபணமானது என்று எழுதுவேன், இது முதல் தடவை என்றால் அதையும் எழுதுவேன், வேலையை எடுக்கும் அளவுக்குத் தண்டனை வந்தால் சேலம் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அதைக் குறைக்க அதிகாரம் உண்டு. அம்மாவுக்கு: கடை மூடினால் மகன் திருந்துவான் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் அவன் குடிப்பதை எதிர்பார்த்து வரவு செலவுத் திட்டம் போடும் அரசிடம் அவனைத் திருத்தச் சொல்லிக் கேட்பதில் அர்த்தம் இல்லை என்பதைச் சொல்வேன்.

இப்போது தமிழ்நாட்டுக்கு மதுவால் வரும் வருமானம் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல். தேர்தல் வந்தால் படிப்படியாக மதுவிலக்கு என்று எல்லாக் கட்சியும் அச்சடிக்கும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கடையை எப்போது மூடுவீர்கள் என்று கேட்காதீர்கள். அந்த 45,000 கோடியை வேறு எங்கிருந்து கொண்டுவருவீர்கள் என்று கேளுங்கள். 1939-ல் ஒருவர் அதற்குப் பதில் வைத்திருந்தார்.